குரலுக்கு அடியில் நிற்கும் தந்திகள்



ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் வாசலில் நின்று பேசும்போது, "இன்றைக்குப் பாட்டு நன்றாக இருந்தது" என்று சொல்கிறோம். பாடிய பிள்ளைகளின் குரலைப் பாராட்டுகிறோம். கீபோர்டு வாசித்த தம்பியையும் பாராட்டுகிறோம். அந்தக் குரல்களுக்குக் கீழே நின்று அவற்றைத் தாங்கிய அடியொலியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இப்படிக் கீழே நின்று தாங்குவதற்காகவே நானூறு ஆண்டுகளுக்கு முன்பு இத்தாலி நாட்டில் ஒரு தந்தி வாத்தியம் உருவாக்கப்பட்டது. அதன் பெயர் தியோர்போ. கித்தரோனே என்றும் அதை அழைத்தார்கள்.

சூலக்கரையிலும் சிவகாசியிலும் வாழும் நமக்கு இந்த இத்தாலிய வாத்தியம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பாடலில் உள்ள வார்த்தைகள் மக்கள் காதில் விழவேண்டும் என்ற தேவைதான் அந்த வாத்தியத்திற்கு இடம் கொடுத்தது. அதே தேவை இன்று நம் பங்குகளிலும் இருக்கிறது. ஒலிபெருக்கியும் கீபோர்டும் ரிதம் பேடும் சேர்ந்து முழங்கும் ஒரு திருவிழாத் திருப்பலியில், பதிலுரைப் பாடலின் எத்தனை வார்த்தைகள் உங்களுக்குக் கேட்டன என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள்.

இந்த வாத்தியம் நமக்கு முழுக்க அந்நியமானதும் அல்ல. தமிழ்க் கத்தோலிக்கர் குடும்பங்களில் இன்னாசி, சவேரியார், ஞானப்பிரகாசம் என்ற பெயர்கள் எத்தனை! இவற்றுள் ஞானப்பிரகாசம் என்பது புனித அலோசியுஸ் கொன்சாகாவின் தமிழ்ப்பெயர். வட இத்தாலியில் காஸ்திலியோனே என்ற சிற்றூரை ஆண்ட பிரபுவின் மூத்த மகன் அவர். அதே ஊரில்தான் 1680ஆம் ஆண்டில் நம் வீரமாமுனிவரும் பிறந்தார். ஆகஸ்டு மாதத்தில் நாம் திருவிழாவுக்குச் செல்லும் காமநாயக்கன்பட்டியில் பணிசெய்த அதே முனிவர்தான். காஸ்திலியோனேக்கு அருகில் உள்ள பெரிய நகரம் மாந்துவா. அதை ஆண்டவர்கள் அதே கொன்சாகா வம்சத்தின் மூத்த கிளையினர். தியோர்போவின் பெருமை ஓங்கிய அரண்மனைகளுள் மாந்துவாவும் ஒன்று. அங்கே அரண்மனை இசைஞராக இருந்த கிளாடியோ மொந்தெவெர்தி 1607ஆம் ஆண்டில் 'ஓர்ஃபேயோ' என்ற இசை நாடகத்தை அரங்கேற்றினார். அதற்குத் தேவையான வாத்தியங்களின் பட்டியலை அச்சுப் பிரதியின் தொடக்கத்திலேயே கொடுத்திருக்கிறார். அதில் கித்தரோனேயும் உண்டு. ஓர்ஃபேயோ அரங்கேறுவதற்குச் சில மாதங்களுக்கு முன், 1606இல், இத்தாலியரான இராபர்ட் தெ நொபிலி அடிகளார் மதுரைக்கு வந்து சேர்ந்திருந்தார் என்பதை நினைத்துக்கொண்டால் காலம் நமக்குப் பிடிபடும்.

வாத்தியத்தின் உருவத்தைப் பார்ப்போம். நெடுக்காகப் பாதியாக வெட்டிய ஒரு பெரிய பேரிக்காயைக் கற்பனை செய்யுங்கள். அதன் பின்புறம் மெல்லிய மரப்பட்டைகளை வளைத்து ஒட்டிச் செய்த குடம். முன்புறம் தட்டையான பலகை. இதுவரை அது ஐரோப்பாவின் பழைய லூட் வாத்தியம்தான். அரபு நாட்டு ஊத் வாத்தியத்தின் வழிவந்தது லூட். அதன் கழுத்தை, அதாவது நாம் வீணையில் தண்டி என்று சொல்வதை, இன்னும் நீட்டி, உச்சியில் இரண்டாவதாக ஒரு பிருடைத் தொகுதியை வைத்தார்கள். வாத்தியம் நின்றால் ஆள் உயரம், சிலவற்றில் அதற்கும் மேல். பொதுவாகப் பதினான்கு தந்திகள். அவற்றுள் ஆறு மட்டும் விரலால் அழுத்தி வாசிப்பதற்கு. மற்ற எட்டும் விரல்பலகைக்கு வெளியே உச்சி வரை ஓடும் நீளத் தந்திகள். அவற்றை யாரும் அழுத்துவதில்லை. வலக்கைக் கட்டைவிரலால் மீட்டினால் போதும், ஒவ்வொன்றும் தனக்குரிய ஒரே கீழ்ச்சுரத்தைக் கொடுக்கும்.

ஏன் இத்தனை நீளம்? அன்று தந்தி என்பது ஆட்டுக்குடலை முறுக்கிச் செய்தது. யாழ் வாசித்த நம் முன்னோர் தந்தியை 'நரம்பு' என்றே அழைத்தது நினைவுக்கு வரும். குடல் தந்தியில் கீழ்ச்சுரம் வேண்டுமானால் தந்தியைத் தடிமனாக்க வேண்டும், அல்லது நீளமாக்க வேண்டும். தடிமனாக்கினால் ஒலி மழுங்கிவிடும். நீளமாக்கினால் ஒலி தெளிவாக, நெடுநேரம் நிற்கும். ஆகவே நீளமாக்கினார்கள். இதில் ஒரு சிக்கலும் வந்தது. வாத்தியம் பெரிதானதால், விரல்பலகையில் உள்ள மேல் தந்திகள் இரண்டும் உரிய உயரத்திற்கு முறுக்கினால் அறுந்துபோயின. அதனால் அவற்றை ஒரு ஸ்தாயி இறக்கிக் கட்டினார்கள். விளைவு விசித்திரமானது. மேல் தந்திகளாக இருக்க வேண்டியவை நடுவில் ஒலித்தன. வாத்தியம் முழுவதுமே கீழ்ப்பகுதியில் குடியிருந்தது. பாடகரின் குரல் உலாவும் உயரத்திற்கு அது ஏறுவதே அரிது. குரலுக்குப் போட்டியாக வர இயலாத ஒரு வாத்தியம், தந்தி அறுந்துபோன காரணத்தால் கிடைத்தது!

சரி, இப்படி ஒன்று ஏன் தேவைப்பட்டது?

பதினாறாம் நூற்றாண்டின் கோவில் இசை பல குரல் இசை. நான்கு, ஐந்து, ஆறு குரல் பகுதிகள் ஒரே நேரத்தில் வெவ்வேறு மெட்டில் பாடும். ஒரு குரல் "ஆண்டவரே" என்று தொடங்கும்போது இன்னொன்று "இரக்கமாயிரும்" என்பதில் நிற்கும். அழகு அளவற்றது. ஆனால் வார்த்தை ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். திரெந்து நகரில் கூடிய பொதுச்சங்கத்தில் 1562ஆம் ஆண்டில் இந்தக் கவலை எழுந்தது. திருப்பலி இசை காதுக்கு வெறும் இன்பமாக அமையாமல், வார்த்தைகள் எல்லாருக்கும் புரியும்படி அமைய வேண்டும் என்ற கருத்து முன்வைக்கப்பட்டது. இறுதி ஆணையில் அது அந்த வடிவில் இடம்பெறவில்லை. (பலஸ்த்ரீனா ஒரே ஒரு திருப்பலி இசையால் கோவில் இசையைத் தடையிலிருந்து காப்பாற்றினார் என்று சொல்வார்களே, அது பிற்காலத்தில் வளர்ந்த கதை.) ஆனாலும் அந்தக் கவலை மறையவில்லை.

அரண்மனைகளிலும் இதே பேச்சு இருந்தது. பிளாரன்ஸ் நகர அறிஞர்கள், பழைய கிரேக்கர்கள் ஒரு குரலும் ஒரு வாத்தியமுமாகப் பாடிக் கேட்போரை அழவைத்தார்களாமே, நம்மால் ஏன் முடியவில்லை என்று கேட்டார்கள். ஒரு குரல் தனித்துப் பாடட்டும், அதைக் கீழிருந்து ஒரு வாத்தியம் தாங்கட்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். அந்த வாத்தியமாக வந்ததுதான் கித்தரோனே. பாடகர் ஜூலியோ காச்சினி 1602ஆம் ஆண்டில் வெளியிட்ட 'புதிய இசை' என்ற நூலில், குரலுக்குத் துணைசெய்ய இதைவிடப் பொருத்தமான வாத்தியம் இல்லை, குறிப்பாக ஆண்களின் டெனர் குரலுக்கு இதுவே சிறந்தது என்று எழுதினார்.

அதே 1602இல் இன்னொரு நூலும் வந்தது. அது நம் பங்குகளுக்கு இன்னும் நெருக்கமானது. எழுதியவர் லுதோவிக்கோ வியாதானா என்ற பிரான்சிஸ்கன் துறவி. மாந்துவா பேராலயத்தில் இசை இயக்குநராக இருந்தவர். அவர் கண்ட பிரச்சினை மிகச் சாதாரணமானது. கோவிலில் பாடுவதற்கு இரண்டு பேரோ மூன்று பேரோதான் வருகிறார்கள். கையில் இருப்பதோ ஐந்து, ஆறு குரல்களுக்கு எழுதிய பாடல். பாதிக் குரல்களை விட்டுவிட்டுப் பாடினால் இடையிடையே ஓட்டை விழுகிறது, வாக்கியமும் முறிந்துபோகிறது. மழைக்கால வெள்ளிக்கிழமை மாலையில் பாடகர் பயிற்சி நடத்திப் பார்த்த எவருக்கும் இது புரியும். வியாதானா என்ன செய்தார்? ஒரு குரல், இரண்டு குரல், மூன்று குரல், நான்கு குரல்களுக்கு நூறு பாடல்கள் எழுதி, அவற்றின் அடியில் ஆர்கன் வாசிப்பவருக்கு இடைவிடாமல் ஓடும் ஒரே ஒரு கீழ்வரியைக் கொடுத்தார். வந்திருப்பவர்கள் எத்தனை பேரானாலும் பாட்டு முழுமையாக இருக்கும். 'தொடர் அடிநாதம்' என்று நாம் சொல்லத்தக்க இந்த முறை, அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளுக்கு ஐரோப்பிய இசைக்கு அடித்தளமாயிற்று. அந்தக் காலத்து இசையைத்தான் பரோக் இசை என்கிறார்கள்.

அடிநாதக்காரருக்கு எழுதித் தரப்படுவது மிகக் குறைவு. ஒரு கீழ்வரி, அதன்மேல் ஆங்காங்கே சில எண்கள். இந்தச் சுரத்தின்மேல் எத்தனையாவது சுரங்கள் சேர வேண்டும் என்பதை அந்த எண்கள் சொல்லும். மற்றதை வாசிப்பவர் அந்த நேரத்தில் தானே நிரப்ப வேண்டும். நம் கீபோர்டு தம்பிகள் பாட்டுப் புத்தகத்தில் வரிகளுக்கு மேல் பென்சிலால் 'சி', 'ஏ மைனர்', 'ஜி' என்று கார்டு எழுதி வைத்துக்கொள்கிறார்களே, ஏறக்குறைய அதே சங்கதிதான். எழுதியிருப்பது ஓர் எழுத்து. அதை எப்படி வாசிப்பது, எவ்வளவு வாசிப்பது, எங்கே சும்மா இருப்பது என்பதெல்லாம் வாசிப்பவர் கையில்.

'எவ்வளவு' என்ற இந்தக் கேள்விக்கு 1607இலேயே ஒரு கையேடு வந்துவிட்டது. சியேனா நகரத்தவரான அகஸ்தீனோ அகட்சாரி எழுதியது. உரோமையில் இயேசு சபையார் நடத்திய செர்மானியக் கல்லூரியிலும் உரோமைக் குருமடத்திலும் இசை இயக்குநராக இருந்த அவர், வாத்தியங்களை இரண்டு வகையாகப் பிரித்தார். அடித்தளம் அமைப்பவை ஒரு வகை, அணிசெய்பவை இன்னொரு வகை. ஆர்கன், ஹார்ப்சிகார்டு, குறைந்த குரல்கள் பாடும்போது லூட், தியோர்போ, யாழ் போன்றவை அடித்தளத்தைச் சேர்ந்தவை. வயலின் முதலியவை அணி. அடித்தள வாத்தியக்காரருக்கு அவர் சொன்ன அறிவுரைகள் இன்றும் பசுமையாக இருக்கின்றன. பாடுவோர் பலரானால் நிறைய வாசி, ஒருவர் இருவரானால் சுரங்களைக் குறைத்துக்கொள். மேல்குரல் பாடும் மெட்டை நீயும் மேலே போய் வாசிக்காதே, அது குரலையும் வார்த்தையையும் மறைத்துவிடும். கூடியவரை கீழேயே நில்.

இந்த மூன்றாவது அறிவுரையைத் தியோர்போ தன் உடலமைப்பாலேயே கடைப்பிடித்தது என்பதை மேலே பார்த்தோம். இன்னொரு குணமும் அதற்கு உண்டு. மீட்டப்படும் தந்தியின் ஒலி பிறந்தவுடன் தேயத் தொடங்கும். ஆர்கனின் ஒலியோ விரலை எடுக்கும் வரை ஒரே அளவில் நிற்கும். மீட்டிய ஒலி தேயும் இடைவெளியில்தான் பாடகரின் வார்த்தை வந்து அமர்கிறது. ககரம், தகரம், பகரம் போன்ற வல்லெழுத்துகள் தெளிவாகக் கேட்க அந்த இடைவெளி வேண்டும். மேலும் ஹார்ப்சிகார்டைப் போலல்லாமல், தியோர்போவை மெதுவாகவும் பலமாகவும் மீட்டலாம். பாடகர் குரலைத் தாழ்த்தினால் அதுவும் கூடவே தாழும். பெரிய ஆலயங்களில் ஆர்கனையும் தியோர்போவையும் சேர்த்தே வைத்தார்கள். நீண்டு நிற்கும் ஒலியை ஆர்கன் கொடுக்கும். சுரம் எங்கே தொடங்குகிறது என்ற தெளிவைத் தந்தியின் மீட்டல் கொடுக்கும்.

உரோமையில் புனித பிலிப் நேரி தொடங்கிய செபக்கூடத்தில், 1600ஆம் ஆண்டு பிப்ரவரியில், எமிலியோ தெ காவலியேரி என்பவர் ஆன்மாவும் உடலும் உரையாடும் ஓர் இசை நாடகத்தை அரங்கேற்றினார். அச்சிட்ட பிரதியின் முன்னுரையில், வாத்தியக்காரர்கள் திரைக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல் அமர வேண்டும் என்று குறிப்பு இருக்கிறது. கித்தரோனேயும் அங்கே மறைந்து அமர்ந்தது.

இனி சவேரியாருக்கு வருவோம். 1622ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் திருத்தந்தை 15ஆம் கிரகோரியார் ஐந்து பேரைப் புனிதர்களாக உயர்த்தினார். லொயோலா இஞ்ஞாசியார், பிரான்சிஸ் சவேரியார், அவிலா தெரேசா, பிலிப் நேரி, விவசாயி இசிதோர் ஆகியோர் அவர்கள். உரோமைக் கல்லூரியில் இயேசு சபையார் அதைக் கொண்டாட இஞ்ஞாசியாரையும் சவேரியாரையும் பற்றி ஓர் இசை நாடகம் நடத்தினார்கள். நாடகத்தை எழுதியவர் ஒராட்சியோ கிராஸ்ஸி என்ற இயேசு சபைக் குரு. வால்மீன்களைப் பற்றிக் கலிலேயோவோடு வாதிட்டவர் இவரே. (கலிலேயோவின் தந்தை வின்சென்சோ பெயர்பெற்ற லூட் கலைஞர் என்பது வேறு கதை.) இசை அமைத்தவர் ஜொவான்னி ஜெரோலமோ காப்ஸ்பெர்கர். அவர் அன்று இத்தாலியிலேயே தலைசிறந்த தியோர்போ கலைஞர்களுள் ஒருவர். கித்தரோனேக்கென்று தனி இசை நூலை 1604இலேயே வெனிசில் அச்சிட்டவர். முத்துக்குளித்துறைக் கடற்கரையில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் மந்திரங்களைச் சொல்லிக்கொடுத்த சவேரியாருக்கு, உரோமையில் ஒரு தியோர்போக்காரரின் இசையில் விழா நடந்தது!

வெனிசில் இன்னொரு காட்சி. பியெத்தா என்பது கைவிடப்பட்ட பெண் குழந்தைகளை வளர்த்த இல்லம். அங்கே இசை கற்பித்தவர் அந்தோனியோ விவால்தி, 1703இல் குருப்பட்டம் பெற்றவர். அவர் 1716இல் யூதித்து வரலாற்றை அந்தப் பெண்களுக்காகவே இசையமைத்தார். ஆண் பாத்திரங்களையும் பெண்களே பாடினார்கள். அதில் ஒரு பாடலுக்கு நான்கு தியோர்போக்கள். பெற்றோர் பெயர் தெரியாத பிள்ளைகள் தங்களைவிட உயரமான வாத்தியங்களை மடியில் சாய்த்து மீட்டியிருக்கிறார்கள். அதற்கு முன்பே உரோமையில் ஆர்காஞ்சலோ கொரெல்லியின் கோவில் சொனாட்டாக்கள் அச்சாயின. 1681இல் வந்த முதல் தொகுப்பின் தலைப்பிலேயே கீழ்ப்பகுதிக்கு வயலோனே அல்லது ஆர்ச்லூட் என்று போட்டிருக்கிறது. ஆர்ச்லூட் என்பது தியோர்போவின் தம்பி, சற்றுச் சிறியது.

பிறகு அது மறைந்தது. குடல் தந்தியின்மேல் உலோகக் கம்பி சுற்றும் நுட்பம் பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவியதால், குட்டைத் தந்தியிலும் நல்ல கீழ்ச்சுரம் கிடைத்தது. செல்லோ வலுப்பெற்றது. அரங்குகள் பெரிதாயின. 1750க்குப் பிறகு இசையமைப்பாளர்கள் ஒவ்வொரு சுரத்தையும் தாங்களே எழுதத் தொடங்கினார்கள். நிரப்புபவருக்கு வேலை இல்லாமல் போயிற்று. இருபதாம் நூற்றாண்டில் பழைய இசையை அந்தக் காலத்து வாத்தியங்களிலேயே வாசிக்கும் ஆர்வம் பிறந்த பிறகுதான் தியோர்போ மீண்டும் செய்யப்பட்டது. இன்று பரோக் இசை வாசிக்கும் பெரும்பாலான குழுக்களில் அந்த நீளக் கழுத்தைக் காணலாம்.

நம் நாட்டில் இதற்கு இணையாக எது உண்டு? பார்த்தவுடனே தம்பூரா நினைவுக்கு வருகிறது. அதுவும் நீண்ட தண்டியும் குடமும் உடையது. அழுத்தாமல் மீட்டப்படுவது. தஞ்சாவூரில் பலா மரத்தில் செய்யப்படுவது. நான்கே தந்திகள். பஞ்சமம், இரண்டு சட்ஜம், கடைசியில் கீழ்ச் சட்ஜம். குதிரைக்கும் தந்திக்கும் இடையில் ஒரு சிறு நூலை நுழைத்து நகர்த்தினால் ஒலி ரீங்காரமாக மலர்கிறது. அந்த நூலுக்கு 'ஜீவா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தம்பூரா மீட்டுபவர் பாடகருக்குப் பின்னால்தான் அமர்வார். காவலியேரியின் திரை இங்கே தேவைப்படவில்லை.

ஆனால் இரண்டின் வேலையும் ஒன்றல்ல. தம்பூரா இடம் பெயராது. பாடகர் எங்கே சென்றாலும் அது 'ச'வையும் 'ப'வையும் விட்டு நகராது. தாளத்தையும் பின்பற்றாது. இராகத்தின் ஒவ்வொரு சுரமும் அந்த அசையாத சட்ஜத்தோடு உறவாடித்தான் தன் நிறத்தைப் பெறுகிறது. தியோர்போவோ பாட்டோடு சேர்ந்து நடக்கும். வார்த்தை துயரத்திற்குப் போனால் அடிநாதமும் வேறு சுரத்திற்குப் போகும். ஒன்று தரையைப் போல, மற்றது கூடவே வரும் ஊன்றுகோலைப் போல. வீணை இந்த இரண்டையும் ஓரளவு தன்னுள் வைத்திருக்கிறது. மெட்டு வாசிக்க நான்கு தந்திகள், சுருதிக்கும் தாளத்திற்கும் பக்கவாட்டில் மூன்று தந்திகள். இருபத்து நான்கு மெட்டுகள் கொண்ட இன்றைய வீணை, 1600 முதல் 1634 வரை தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில் உருப்பெற்றது என்பது மரபு. அதாவது மொந்தெவெர்தியின் காலம்!

இந்த வேறுபாட்டை அறிந்துகொள்வதால் நடைமுறைப் பயன் உண்டு. நம் தமிழ்த் திருவழிபாட்டுப் பாடல்களில் பல இராகங்களில் அமைந்தவை. மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை (1826–1889) என்ற கத்தோலிக்கப் புலவர் கருநாடக இசை வடிவில் கீர்த்தனைகள் இயற்றினார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பிறகு தமிழ்ப் பாடல்கள் பெருகின. இவற்றுள் மோகனத்தில் அமைந்த ஒரு பாடலுக்கு, வரிக்கு நான்கு கார்டு மாற்றி வாசித்தால் இராகம் சிதைகிறது. அங்கே தம்பூராவின் வேலையைத்தான் கீபோர்டு செய்ய வேண்டும். சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பது நல்லது. மேற்கத்திய மெட்டில் அமைந்த பாடலுக்குத் தியோர்போவின் வேலை பொருந்தும். இடக்கையில் ஒரு கீழ்ச்சுரம், அதன்மேல் ஒரு மெல்லிய கார்டு, அவ்வளவே. மெட்டை வலக்கையில் திரும்ப வாசிக்க வேண்டியதில்லை, அதைத்தான் மக்கள் பாடிக்கொண்டிருக்கிறார்களே. பங்கில் கித்தார் வாசிக்கும் இளைஞர் ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. கட்டைவிரலால் தடித்த தந்தியை முதலில் மீட்டி, மற்ற விரல்களால் மேல் தந்திகளை மெதுவாகத் தொடுவது ஏறக்குறைய காச்சினியின் வாத்தியம் செய்ததுதான். கீபோர்டில் பொத்தானை அமுக்கினால் தானாக ஓடும் ரிதத்தைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. அது பாடுவோரின் மூச்சுக்காகக் காத்திருக்காது.

இது தனிப்பட்ட இரசனை மட்டுமல்ல. 1967ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள் வெளியான 'திருஇசை' என்ற திருச்சபை ஏடு, வாத்தியங்கள் குரலைத் தாங்கி மக்களின் பங்கேற்பை எளிதாக்கலாம், ஆனால் வார்த்தைகளைப் புரிந்துகொள்ள முடியாதபடி குரல்களை மூழ்கடிக்கக் கூடாது என்று 64ஆம் எண்ணில் சொல்கிறது. குரு தமக்குரிய பகுதியை உரத்த குரலில் சொல்லும்போது வாத்தியம் மௌனமாக இருக்க வேண்டும் என்றும் அங்கேயே இருக்கிறது. உரோமைத் திருப்பலிப் புத்தகத்தின் பொதுப் படிப்பினை, தவக்காலத்தில் வாத்தியங்களைப் பாடலைத் தாங்குவதற்கு மட்டுமே அனுமதிக்கிறது. மகிழ்ச்சி ஞாயிறு, பெருவிழாக்கள், விழாக்கள் மட்டும் விதிவிலக்கு. ஆக, ஆண்டுக்கு நாற்பது நாள் நம் கீபோர்டுக்காரர்கள் தியோர்போக்காரர்களாக மாறியே ஆக வேண்டும்.

நம் பகுதியில் இதற்குக் கூடுதல் அவசரம் உண்டு. வாரம் முழுவதும் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போய்வந்து, ஞாயிறு காலையில் கோவிலின் பின்வரிசையில் வந்து அமரும் தாய்மார்களுள் பாட்டுத்தாளைப் படிக்க இயலாதவர்களும் இருக்கிறார்கள். கண் மங்கிய பெரியவர்கள் இருக்கிறார்கள். திருப்பாடலின் வார்த்தை அவர்களுக்குக் காது வழியாக மட்டுமே போய்ச் சேர முடியும். ஒலிபெருக்கிக்காரர் கீபோர்டின் ஒலியை ஒரு திருகு குறைத்து, பாடும் பிள்ளையின் மைக்கை ஒரு திருகு கூட்டினால் அந்த வழி திறக்கும். செலவு ஒன்றும் இல்லை. பயிற்சி நாளிலேயே ஒருவரைப் பின்வரிசையில் உட்காரவைத்து, வார்த்தை கேட்கிறதா என்று சோதித்துப் பார்க்கலாம்.

தியோர்போவைக் கேட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. மொந்தெவெர்தி 1610ஆம் ஆண்டில் வெளியிட்டு, திருத்தந்தை 5ஆம் பவுலுக்குக் காணிக்கையாக்கிய மரியன்னையின் மாலைப் புகழ் இசையைக் கைபேசியிலேயே கேட்கலாம். பல குழுக்களின் பதிவுகள் யூடியூபில் கிடைக்கின்றன. அதில் மூன்றாவதாக வரும் 'நீக்ரா சும்' என்ற பகுதியைத் தேடுங்கள். வார்த்தைகள் இனிமைமிகு பாடலிலிருந்து எடுக்கப்பட்டவை. மொந்தெவெர்தி எழுதியது ஒரு டெனர் குரலும் அதன் அடியில் ஒரு கீழ்வரியும் மட்டுமே. முதல் முறை பாடகரைக் கவனியுங்கள். இரண்டாம் முறை பாடகர் மூச்சு வாங்கும் இடங்களில் அந்த நீண்ட தந்திகள் என்ன செய்கின்றன என்று கவனியுங்கள். பாடகர் குழுவில் இருப்பவர்கள் ஒரு பயிற்சி மாலையில் எல்லாரும் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது.